முழுகாமல் இருந்த மாதங்கள்

அந்த வருஷத்து நோன்பு காற்றில்லாத நாட்களில் வந்து விழுந்தது. கற்பிட்டிக் களப்பு எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. கடலுக்குப் போன படகுகள் நிறைய மீனோடு திரும்பின. ஆனால் கரையில் அதைக் காயவைக்க வழியில்லை. வலைத்துண்டில் பரப்பிய சாளை காயாமல் வெயிலில் வெந்தது. புரட்டப் புரட்ட ஈ மொய்த்தது. கருவாடு போடும் கொட்டிலான வாடியின் கூரையில் காகங்கள் கரையாமல் வரிசையாகக் குந்திக்கொண்டிருந்தன.

ஸும்ரா மீனுக்கு உப்புப் போடும் பீப்பாயான பரலுக்குப் பின்னால் குந்தி, போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். வாடியில் வேலை செய்த மற்றப் பெண்கள் எல்லோரும் நோன்பு. அவள் குடிப்பது அவர்களுக்குத் தெரியும். பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தத் திருப்பலில் ஒரு சிரிப்பு இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளையில்லாமல் இருந்தவள் நோன்பை விட்டிருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மாமியார் மரியம் நிழலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "மகள், வெயிலுக்குள்ள குனியாதீங்க. அந்தப் பரலத் தொடவும் வேணாம். அல்லாட ரஹ்மத்தா வந்திரிக்கிறத கவனமாப் பாக்கணும்."

"ஓம் மாமி," என்றாள் ஸும்ரா. எழும்பும்போது கண் இருட்டியது. பரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடுத்திருந்த பாவாடைக்குள் மடித்து வைத்திருந்த துணி மறுபடியும் நனைந்துவிட்டதை உணர்ந்தாள். காலையிலிருந்து அது எத்தனையாவது துணி என்று அவள் எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

அவளுக்கு எப்போதும் ஒழுங்காக மாதம் வருவதில்லை. கலியாணத்துக்கு முன் குமராக இருந்த காலத்திலேயே அப்படித்தான். போன மழைக்காலம் தொடங்கியபோது அது அடியோடு நின்றது. ஒரு மாதம், இன்னொரு மாதம் என்று போயிற்று. வீட்டில் தீட்டுத் துணி காயவில்லை என்பதை அவளுக்கு முன்பே மாமி கவனித்துவிட்டாள். "எண்ட மருமகள் முழுகாம இரிக்கா" என்று பக்கத்து வீட்டுக்குப் போன கதை மறுநாள் பள்ளிவாசல் வளவு வரைக்கும் போய்விட்டது. அதுவரையில் மாமி வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். மகன் ஹில்மிக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்க ஆள்விட்டுப் பேசியும் இருந்தாள். அந்தப் பேச்சு அன்றோடு நின்றது.

ஸும்ராவும் நம்பினாள். நம்பிய அந்த மாதங்களைப்போல் சந்தோஷமான காலம் அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது கைக்குழந்தையாக மன்னாரிலிருந்து படகில் தூக்கி வரப்பட்டு, அகதிக் குடியிருப்பின் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவள் அவள். கலியாணத்துக்குச் சீதனமாக வீடு கொடுக்க அவள் வாப்பாவிடம் வழி இருக்கவில்லை. வந்து சேர்ந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் கிடைத்ததாக அவளுக்கு முதல்தடவையாகத் தோன்றியது.

நோன்புக்குச் சற்று முன்னால் இரத்தம் வந்தது. முதலில் ஒரு கறை. பிறகு கட்டி கட்டியாக. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனபோது மாமி பேரப்பிள்ளைக்கென்று ஹில்மி உடுத்த பழைய வெள்ளைச் சாரத்தைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்வோம் என்று திரும்பினாள். அடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது. இப்போது துணிகளை வாடிக்கு எடுத்து வந்து, மீன் கழுவும் தண்ணீரில் அலசி, மீன் இரத்தத்தோடு கலந்து ஊற்றினாள். இங்கே இரத்தத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு வேதனையும் இருந்தது. இது மாதத் தீட்டா, நோயா? தீட்டு என்றால் தொழுகை இல்லை. நோய் என்றால் கழுவிக்கொண்டு தொழ வேண்டும். எவரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் பிள்ளை இல்லையென்று தெரிந்துவிடும்.

மாமி சொல்லி அனுப்பித்தான் மருத்துவமாது லோஜினி ஸ்கூட்டரில் வந்தாள். உடப்பு என்ற இந்துக் கிராமத்துக்காரி. கற்பிட்டிப் பக்கம் வேலைக்கு வந்து சில வருஷமாகிறது. முஸ்லிம் வீடுகளில் எந்த வாசலால் நுழைய வேண்டும், எந்த நேரம் வரக்கூடாது என்பதெல்லாம் படித்து வைத்திருந்தாள்.

"இவ்வளவு நாளா ஏன் கிளினிக்குக்கு வரேல்ல?" என்று மாமியைக் கேட்டாள்.

"கண்ணூறு பட்டிரும் மிஸ். பொறுத்துச் செல்லுவம் எண்டுதான்."

அறைக் கதவைச் சாத்திவிட்டு லோஜினி ஸும்ராவைக் கட்டிலில் இருத்தினாள். கீழிமையை இழுத்துப் பார்த்தாள். நகங்களைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"அக்கா, கண் வெள்ளைக் கடதாசி மாதிரி இருக்கு. உங்களுக்கு இரத்தம் போகுதா?"

ஸும்ரா கதவைப் பார்த்தாள்.

"மெதுவாச் சொல்லுங்கோ. எனக்கு மட்டும் கேட்டாக் காணும்."

"ஓம்."

"இண்டைக்கா?"

"நோம்புக்கு முந்தியே. முந்தி நிண்டு நிண்டு போன. இப்ப நிக்கிறதே இல்ல, மிஸ்."

லோஜினி பையிலிருந்து எடுத்துச் சிறுநீர் விட்டுப் பார்த்த கர்ப்பப் பரிசோதனைத் துண்டில் ஒரு கோடுதான் விழுந்தது. இரண்டாவது கோடு வரும் என்று ஸும்ரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும்; இருந்தும் பார்த்தாள்.

"பிள்ளை இல்லை அக்கா. நீங்க நினைச்ச அந்த மாசங்களிலயும் இருந்திராது. மாசம் வராம நிண்டு, பிறகு இப்பிடி உடைஞ்சு கொட்டுறது வேற காரணம். ஸ்கான் பண்ணோணும். உள்ளுக்கு இருந்து சதைத்துண்டு எடுத்துப் பார்க்கோணும். நாளைக்கே புத்தளம் போங்கோ."

"பெருநாள் முடியட்டும், மிஸ். மாமியிட்ட மட்டும் இப்ப செல்லிராதீங்க."

"நான் சொல்ல மாட்டன். அது நீங்க சொல்ல வேண்டிய கதை. ஆனா இது ஒளிச்சு வைக்கிற நோய் வருத்தம் இல்லை." வாசலில் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது. லோஜினி குரலை இன்னும் தாழ்த்தினாள். "பயப்படுத்தச் சொல்லேல்ல. எனக்கே பயமா இருக்கு, அதுதான் சொல்றன்."

வெளியே மாமி தோடம்பழம் கரைத்து வைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் சரிதானே மிஸ்?"

"உடம்பில இரத்தம் இல்லை. கட்டாயம் புத்தளம் கூட்டிக்கொண்டு போங்கோ," என்று சொல்லிவிட்டு, தோடம்பழத் தண்ணீரைத் தொடாமல் லோஜினி போனாள்.

ஸும்ரா போகவில்லை. மறுநாள் கீரிமீன் கொட்டியது. வாடியில் ஆள் போதவில்லை என்று அதைச் சாட்டாக வைத்துக்கொண்டாள். அடுத்தடுத்த நாளும் அப்படியே ஒரு சாட்டுக் கிடைத்தது. ஒரு பின்னேரம், நோன்புக் கஞ்சிக்கு வீடுகளில் தேங்காய் திருவும் நேரம், மீன் கூடையோடு தண்ணீர்க்கரையிலிருந்து ஏறி வந்தவள் வாடி வாசலில் கூடையைப் போட்டாள். கால்களுக்கிடையில் சுடுதண்ணீர் ஊற்றியது போலிருந்தது. குனிந்து பார்த்தபோது மணல் கறுப்பாக நனைந்திருந்தது. அதன்மேல் கீரிமீன்கள் சிதறிக் கிடந்து துடித்தன.

"எண்ட புள்ளட புள்ள போயிட்டே!" என்ற மாமியின் அலறல்தான் அவளுக்குக் கடைசியாகக் கேட்டது.

கண் விழித்தபோது அம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கற்பிட்டி ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிப் புத்தளத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே வெங்காயத் தோட்டங்கள் போயின. நுரைச்சோலைப் பக்கம் காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றாமல் கை விரித்து நின்றன. மாமி பக்கத்தில் இருந்து அவளுடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாள். கன்னம் முழுக்கக் கண்ணீர்.

"அழாதீங்க மகள். தந்தவன் எடுத்திட்டான். இன்னமும் தருவான். ஒருதரம் தங்கின வயிறு, இனியும் தங்கும். எண்ட மகனுக்கு இன்னொரு கலியாணம் எண்டு இனி ஒருத்தரும் வாய் தொறக்க ஏலா. தொறந்தா நான் விட மாட்டன். வண்ணாத்திவில்லுக்கு நாளைக்கே ஆள் அனுப்பி வேணாமெண்டு செல்றன்."

ஸும்ரா படுத்தபடி மாமியின் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் கிடந்தால் போதும். பிள்ளை இருந்தது, போய்விட்டது. ஊரே வந்து ஆறுதல் சொல்லும். மலடி என்ற சொல் இனி அவள் வாசலுக்கு வராது. இவ்வளவு காலம் அவள் கேட்ட எல்லாமும், கேட்காமலே, அந்த வண்டிக்குள் அவள் கையில் வந்து விழுந்திருந்தது.

ஆனால் இரத்தம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் மாமி முதலில் சொல்லப்போவது அந்தப் பொய்யைத்தான். இந்தப் பொய்யோடு உயிர் போய் மவுத்தாகிவிட்டால் அதைத் திருத்த யாரும் இருக்கமாட்டார்கள்.

"மாமி, புள்ள இரிக்கல்ல."

"ஓம் மகள், போயிட்டு. அல்லாட நாட்டம்."

"போகல்ல மாமி. இரிக்கவே இல்ல. ஒருநாளும் இரிக்கல்ல. நோம்புக்கு முந்தியே ரத்தம் போகுது. எனக்குத் தெரியும். உங்களுக்குச் செல்லல்ல."

மாமி கையை எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கைகளிலிருந்த உயிர் போய்விட்டது. கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பாலாவி கடந்தது, புத்தளத்து உப்பளங்கள் வந்தன. நோன்பு திறக்க மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது அம்புலன்ஸ்காரன் நீட்டிய பேரீச்சம்பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிர, வாயில் போடவில்லை.

புத்தளத்தில் இரத்தம் ஏற்றினார்கள். ஸ்கான் பார்த்தார்கள். மயக்கிக் கருப்பைக்குள்ளிருந்து சுரண்டி எடுத்ததைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஹில்மி கடலிலிருந்து நேரே வந்தான். சாரத்தில் செதில் ஒட்டியிருந்தது. கட்டிலோரம் நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கிட்டயாவது செல்லீக்கலாமே."

"செல்லீந்தா?"

"அண்டைக்கே கூட்டிட்டு வந்திரிப்பன்."

"வண்ணாத்திவில்லுக்கு ஆள் அனுப்பக்குள்ள நீங்க வேணாமெண்டு செல்லல்லியே."

"ஓமெண்டும் செல்லல்லத்தானே."

"அதத்தான் நானும் செல்றன்," என்றாள் ஸும்ரா.

அவன் போய்ச் சூப் வாங்கி வந்து, ஆற்றி, கரண்டியால் கொடுத்தான். அவள் குடித்தாள்.

சோதனை முடிவு வந்த அன்று டொக்டர் அம்மா இருவரையும் கூப்பிட்டாள். சிங்களப் பெண், பொறுமையாகப் பேசினாள். ஹில்மிக்குச் சந்தையில் விலை பேசும் அளவுக்குச் சிங்களம் தெரியும். பெண்டாட்டியின் உடம்பைப் பற்றிக் கேட்க அது போதாது என்று லோஜினியைக் கெஞ்சி வரவழைத்திருந்தான். டொக்டர் சொல்லச் சொல்ல லோஜினி தமிழில் சொன்னாள்.

"கருப்பைக்கு உள்பக்கம் மெத்தை மாதிரி ஒரு படலம் இருக்கு அக்கா. மாசம் முழுகின பிறகு, சூலகத்தில இருந்து ஒரு ஓமோன் வந்து அதை வளரச் சொல்லும். படலத்தில இருக்கிற கலங்கள், செல் எண்டு சொல்லுவினம், ஒண்டு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும். பிறகு முட்டை வெளிக்கிட்டதும் ரெண்டாவது ஓமோன் ஒண்டு வரும். அது வந்து 'வளந்தது போதும், நில்லு' எண்டு சொல்லும். அந்தச் சொல் கேட்டவுடன கலத்துக்குள்ள சில மரபணு மூடும், சில மரபணு திறக்கும். பிரியிறத விட்டிட்டுச் சத்துச் சேர்க்கத் தொடங்கும். கரு வந்து ஒட்டுறதுக்கு இடம் செய்யும். கரு வரேல்ல எண்டா அந்த ரெண்டாவது ஓமோன் குறையும். குறைஞ்ச உடன, படலத்தைக் கட்டி வைச்சிருக்கிற நார்களைக் கரைக்கிற ஒரு சாறு அங்கயே ஊறும். படலம் கழண்டு இரத்தத்தோட போகும். அதுதான் மாசா மாசம் வாறது."

"எனக்கு?" என்றாள் ஸும்ரா.

"உங்களுக்கு முட்டை வெளிக்கிடுறேல்ல. அதால அந்த ரெண்டாவது வாறதே இல்லை. முதலாவது மட்டும் வளர் வளர் எண்டு சொல்லிக்கொண்டே இருந்திருக்கு. போதும் எண்டு சொல்ல ஆளில்லை. வருஷக்கணக்கா. மாசம் நிண்டு போச்செண்டு நீங்க சந்தோசப்பட்டீங்களே, அந்த நாளெல்லாம் உள்ளுக்கு அது தடிச்சுக்கொண்டே இருந்திருக்கு. தாங்கேலாமப் போன இடமெல்லாம் உடைஞ்சு கொட்டினது." லோஜினி டொக்டரைப் பார்த்தாள். டொக்டர் இன்னும் சில வார்த்தை சொன்னாள். லோஜினி உடனே மொழிபெயர்க்கவில்லை. "சில கலங்களின்ர வடிவம் மாறியிருக்கு. இன்னும் புற்றுநோய் எண்டு சொல்ல ஏலாது. ஆனா அதுக்குப் பக்கத்துக் கதவு."

கருப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றாள் டொக்டர். பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: அந்த இரண்டாவது ஓமோனை மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கலாம். சிலருக்குப் படலம் திருந்திவிடும், சிலருக்குத் திருந்தாது. சில மாதத்தில் மறுபடி துண்டெடுத்துப் பார்க்க வேண்டும்.

"எடுத்திருவம்," என்றான் ஹில்மி. "எனக்குப் புள்ள வேணா. இவ இரிந்தாப் போதும்."

அந்த வார்த்தைக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தவள் ஸும்ரா. அது வந்து சேர்ந்த பிறகுதான், தனக்குத் தேவையாக இருந்தது அது மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "எனக்கு வேணும்," என்றாள். "மாமிக்கோ உங்களுக்கோ இல்ல. எனக்கு. ஒருக்காப் பாக்குறன்."

மாத்திரையில் இரத்தம் நின்றது. நின்றதே அவளுக்குப் பயமாக இருந்தது. முன்பும் ஒருதரம் அப்படித்தானே நின்றது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிக் கடல் முரண்டு பிடித்தது. படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்தார்கள். மணல் பறந்து சோற்றில் விழுந்தது. மாமி கணவாய்க் கறி வைத்தாள், இலைக்கஞ்சி காய்ச்சினாள், கோப்பையை ஸும்ராவின் முன்னால் வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவாள். தேவைக்கு மேல் ஒரு கதை இல்லை. வண்ணாத்திவில்லுக்கு ஆள் போனதா, போகவில்லையா என்றும் தெரியவில்லை. மாமி மெலிந்துகொண்டு வந்தாள். தன்மேலுள்ள கோபம்தான் அவளைத் தின்கிறதென்று ஸும்ரா நினைத்தாள்.

இரண்டாவது தடவை எடுத்த துண்டின் முடிவைச் சொல்லும்போது டொக்டர் அம்மா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டாள். லோஜினி ஸும்ராவின் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கலத்தில அந்த ஓமோனப் பிடிக்கிறதுக்கெண்டு ஏற்பி இருக்கு அக்கா. அது பிடிச்சாத்தான் சொல்லுறது உள்ளுக்குக் கேட்கும். மாறின கலங்களில இப்ப அந்த ஏற்பி இல்லாமப் போச்சு. மாத்திரை போய் நிக்குது, கேட்க ஆளில்லை. வெளியால இரத்தம் நிண்டாலும் உள்ளுக்கு அது பிரிஞ்சு கொண்டுதான் இருந்திருக்கு." நிறுத்தினாள். "கதவைத் தாண்டிட்டுது. இனிப் பொறுக்கேலாது."

கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் கருப்பையை வெட்டி எடுத்தார்கள். சதைக்குள் புற்று சிறிதளவுதான் இறங்கியிருக்கிறது, வெளியே பரவவில்லை என்றார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று அதற்கு அர்த்தம். ஹில்மி அழுதான். ஸும்ராவுக்கு அழுகை வரவில்லை. மயக்கம் தெளிந்த கையோடு வயிற்றைத் தடவிப் பார்த்தாள். துணிக்கட்டுக்குக் கீழே வெறும் நோவுதான் இருந்தது.

ஊருக்கு வந்து சில நாளில், ஹில்மி வலை பார்க்கப் போயிருந்த ஒரு முற்பகல், மாமி அறைக்குள் வந்தாள். கஞ்சிக் கோப்பை இல்லை. கதவைச் சாத்தினாள். கட்டிலில் இருக்காமல் சுவரோடு சாய்ந்து நின்றாள். வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி அடித்தது.

"மகள், ஒண்டு கேக்கணும். கோவிக்காதீங்க."

"கேளுங்க மாமி."

"இந்த வருத்தம் முழுக்கு நிண்டு போன பொம்பிளைக்கும் வருமா?"

ஸும்ரா அவளைப் பார்த்தாள். முந்தானையைப் பற்றியிருந்த விரல்கள் வெளிறியிருந்தன. நகங்கள் தன்னுடையதைப்போலவே வெள்ளையாக இருந்ததை இப்போதுதான் கண்டாள்.

"எப்ப இருந்து மாமி?"

"நிண்டு பத்து வருசத்துக்கு மேல. நோம்புக்குள்ள திரும்ப வந்திச்சி. சொட்டுச் சொட்டா. வயசு போன காலத்தில இது என்ன வெக்கம் எண்டு..." அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அம்புலன்சில உங்கட பக்கத்தில இரிக்கக்குள்ளயும் எனக்குப் போய்க்கொண்டுதான் இரிந்த, மகள். நீங்க உங்கட கதைய செல்லிட்டீங்க. எனக்கு வாய் வரல்ல."

"இவ்வளவு மாசமா? எல்லாத்தையும் பாத்துக்கிட்டு? ஏன் மாமி செல்லல்ல?"

"நீங்க ஏன் மகள் செல்லல்ல?"

ஸும்ரா தையல் இழுக்க இழுக்கக் கட்டிலைப் பிடித்து எழும்பினாள். போனை எடுத்து லோஜினியைக் கூப்பிட்டாள். சில வார்த்தைதான் பேசினாள். மறுபக்கத்தில் லோஜினி ஒன்றும் கேட்காமல், உடனே வரச் சொன்னாள்.

"ஹபாயாவ உடுங்க மாமி."

"ஹில்மி வந்து கேட்டா?"

"உள்ளதச் செல்லுவம்."

முச்சக்கரவண்டி வாசலில் வந்து நின்றபோது மணல் முகத்தில் அடித்தது. மாமி ஏறப் போய்த் தயங்கினாள். இருக்கையைப் பார்த்தாள், பிறகு ஸும்ராவைப் பார்த்தாள். ஸும்ரா திரும்பி உள்ளே போய், அலுமாரியிலிருந்து ஒரு தடித்த துணியை எடுத்து வந்து நான்காக மடித்து இருக்கையில் விரித்தாள்.

"இப்ப ஏறுங்க," என்றாள்.